தோள் தசைநார் கிழிஞ்சா: ஓப்பனா, கீஹோலா?

குப்பனூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அப்பா ஏற்காட்டுல மிளகு பறிக்கிறவர். தோள்ல தசைநார் கிழிஞ்சிருக்கு. ஒரு டாக்டர் ஓப்பன்ங்கிறார், இன்னொருத்தர் கீஹோல்ங்கிறார். கீஹோலுக்குச் செலவு ஜாஸ்தி. எது நல்லது, அண்ணா?"

நான் டாக்டர் இல்ல, கோடு எழுதுறவன். ஆனா ஆய்வுகள் சொல்றதைப் பார்க்கலாம்.

தோள் மூட்டைச் சுத்தி நாலு தசைகளோட நார்கள் இருக்கு. பேரு ரொட்டேட்டர் கஃப். இதுல அதிகமா கிழியறது மேல்பக்கம் இருக்கிற சுப்ராஸ்பைனேட்டஸ். எந்த ஆபரேஷனா இருந்தாலும் வேலை ஒண்ணுதான்: கிழிஞ்ச நாரை இழுத்து, ஆங்கர்ங்கிற குட்டி ஆணியாலயும் நூலாலயும் எலும்புல கட்டுறது. ஓப்பன்ல சில சென்டிமீட்டர் வெட்டி உள்ளே போறாங்க. கீஹோல்ல சின்னத் துளைகள் வழியா கேமரா விட்டுச் செய்றாங்க.

பிரிட்டன்ல 50 வயசைத் தாண்டின 273 பேரை வெச்சு ரெண்டையும் ஒப்பிட்டாங்க. முடிவு 2017-ல வெளியாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு வலியிலயும் கை அசைவிலயும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. 100-க்கு ஓப்பன்ல ஏறத்தாழ 39 பேருக்கும், கீஹோல்ல ஏறத்தாழ 46 பேருக்கும் நார் மறுபடி கிழிஞ்சிருந்துச்சு.

அடுத்தது சிங்கிள் ரோவா, டபுள் ரோவா? ஆங்கர் ஒரு வரிசையா, ரெண்டு வரிசையாங்கிறதுதான் கேள்வி. நம்ம பாஷையில சொன்னா லோட் பேலன்சிங். 3 சென்டிமீட்டருக்கு மேல கிழிஞ்சிருந்தா டபுள் ரோவுல மறுகிழிசல் குறையுது. சின்னக் கிழிசலுக்கு அந்தக் கூடுதல் ஆங்கர் செலவுக்குப் பெரிய பலன் இல்ல.

நூல் தற்காலிகம்தான். நார் எலும்போட ஒட்டுறது உடம்போட வேலை, அதுக்கு மாசக்கணக்காகும். நாலிலிருந்து ஆறு வாரம் கை தூளியில. ஏணி ஏறி மிளகு பறிக்க நாலு மாசத்துக்கு மேலயே ஆகலாம். வீட்டுல அதுவரைக்கும் வருமானம் எப்படின்னு இப்பவே பேசுங்க. அவசரப்பட்டு வேலைக்குப் போனா, எந்த டெக்னிக்கும் காப்பாத்தாது.

தம்பி, டாக்டர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. கிழிசல் எவ்வளவு பெருசு? எம்ஆர்ஐ-ல தசை கொழுப்பா மாறியிருக்கா? நீங்க அதிகமா செய்றது எந்த முறை? முதல்ல பிசியோதெரபி செஞ்சு பார்க்கலாமா? மெல்லத் தேஞ்சு வந்த கிழிசல்னா கடைசிக் கேள்விக்குப் பல நேரம் "பார்க்கலாம்"னு பதில் வரும். கீழே விழுந்து திடீர்னு கிழிஞ்சிருந்தா மட்டும் தள்ளிப்போடாதீங்க.