யார் நம்மவர்?



சிங்கப்பூரிலுள்ள தஞ்சோங் பகார், துறைமுகத்தால் பேர்பெற்ற இடம். கப்பல் மூட்டைகளைச் சுமந்தவர்களில் தமிழர் பலர். 1932இல் அங்கே திறக்கப்பட்ட இரயில் நிலையம், 2011வரை மலாயாவையும் சிங்கப்பூரையும் இணைத்து வந்தது.

அத்தொகுதியின் உறுப்பினராக 1955இல் தேர்வானவர் லீ குவான் இயூ. அவர் பிரதமராயிருந்தபோது, 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. மக்களில் நான்கில் மூவர் சீனர். ஆயினும், இது சீனருக்கு மட்டுமோ வேறோர் இனத்துக்கு மட்டுமோ உரிய நாடன்று, எல்லார்க்கும் இதில் இடமுண்டு என்று அன்றே அவர் அறிவித்தார். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் ஆட்சிமொழியாயிற்று.

இலங்கையில் நடந்தது என்ன? வெள்ளைத் துரைமார் மலைநாட்டில் தோட்டம் போட்டபோது, கண்டிச் சிங்களக் குடியானவர் பலர் நிலத்தை இழந்தனர். அந்தக் கோபம் துரையின்மேல் பாயவில்லை. கொழுந்து பறித்தவர்மேல் பாய்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்து மக்கள் எதைக் காட்டுவார்கள்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவராயினர். அடுத்து வாக்குரிமையும் போயிற்று. யாழ்ப்பாணத்துத் தலைவர் செல்வநாயகமும் இடதுசாரிகளும் எதிர்த்தும் சட்டம் நிறைவேறிற்று.

பெரும்பான்மையினர் மட்டுமே மக்கள் என்று பேசி வாக்குச் சேர்க்கும் அரசியல், ஒருவரை விலக்குவதோடு நிற்பதில்லை. 1956இல் பண்டாரநாயக்கா 'சிங்களம் மட்டும்' என்ற வாக்குறுதியோடு தேர்தலில் வென்றார். அதை எதிர்த்து வாக்களிக்கத் தோட்ட மக்களிற் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. இம்முறை யாழ்ப்பாணத் தமிழரும் பாதிக்கப்பட்டனர். மலையகத்தில் எஞ்சிய நாடற்றவர்க்குக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

சிங்கப்பூரிலும் குறையில்லாமல் இல்லை. 2020இல் கொரோனா பரவியபோது, தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் விடுதிகளில் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுடைய பழக்கவழக்கமே நோய்க்குக் காரணம் என்றனர் சிலர். உணவும் உதவியும் திரட்டிக் கொடுத்தனர் வேறு பலர். ஒரே ஊர்; இருவித மனம்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். பால் வெட்டவும் செம்பனைக் குலை அறுக்கவும் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் வருகின்றனர். கூலி குறைந்தால், குறைத்தவரைக் கேட்கிறோமா, அல்லது பக்கத்து லயத்துக்காரனைப் பழிக்கிறோமா? "வந்தேறி" என்ற சொல் நம் பாட்டன் முதுகில் விழுந்த அடி. அந்தச் சொல்லை நம் பிள்ளைகள் நம் வாயிலிருந்து கற்கலாகாது.