இல்லறத்தில் எல்லை மீறும் பரிகாசம்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர் மின்ரயில், மீஞ்சூரையும் பொன்னேரியையும் கடந்து கும்மிடிப்பூண்டியைச் சென்றடைகிறது. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் இரவென்றும் பகலென்றும் பாராமல் வேலை நடைபெறுகிறது. நெருப்போடும் இயந்திரத்தோடும் பழகும் தொழில் அது. இரவு ஷிப்டுக்குச் சென்ற கணவன் விடிந்ததும் நலமாக வீடு திரும்ப வேண்டுமே என்னும் கவலை, திருவள்ளூர் மாவட்டத்து இல்லங்களில் எத்தனையோ மனைவியரின் உள்ளத்தில் உறைந்து கிடக்கிறது.

அத்தகைய ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். நிக்காஹ் நிறைவேறி ஓராண்டுகூட ஆகவில்லை. கணவன் நல்லவன், உழைப்பாளி, தொழுகையைத் தவறவிடாதவன். ஆனால் எதையும் கேலியாக்கிச் சிரிப்பது அவன் வழக்கம். ஓர் இரவு, உடன் வேலை செய்யும் தோழனைக் கொண்டு மனைவிக்குத் தொலைபேசியில் பேசச் செய்கிறான். "உங்கள் வீட்டுக்காரரின் கை இயந்திரத்தில் சிக்கிவிட்டது, உடனே புறப்பட்டு வாருங்கள்" என்கிறது அக்குரல். காலில் செருப்பும் இல்லாமல், மாமியை எழுப்பிக்கொண்டு அவள் தெருவுக்கு ஓடி வருகிறாள். அப்போது தொலைபேசியில் கணவனின் சிரிப்பொலி கேட்கிறது. "பயந்துவிட்டாயா? சும்மா விளையாட்டுக்குத்தான்!"

அவள் சிரிக்கவில்லை. அதன் பின்னர் அவன் சொல்லும் எதற்கும் அவளால் மனம்விட்டுச் சிரிக்க முடியவில்லை. "இதைக்கூடவா தாங்கிக்கொள்ள மாட்டாய்?" என்று அவனோ அவளையே கடிந்துகொள்கிறான்.

இது கற்பனைக் காட்சியே. ஆயினும் இதன் சாயலை நம்மில் பலர் கண்டிருக்கக்கூடும். விருந்தினர் முன்னிலையில் மனைவியின் சமையலைப் பழிப்பது, அவளுடைய நிறத்தையும் உயரத்தையும் சொல்லிச் சிரிப்பது, "இன்னொருத்தியை நிக்காஹ் செய்துகொள்ளப் போகிறேன்" என்று சீண்டுவது, அவள் கண் கலங்கினால் "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்னும் ஒரே சொல்லில் தப்பித்துக்கொள்வது! இவ்வாறு தப்பித்துக்கொள்ள இஸ்லாம் இடம் தருகிறதா?

பெருமானாரின் நகைச்சுவை

இஸ்லாம் சிரிப்பை வெறுக்கும் மார்க்கமன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களுடன் நகைச்சுவையாக உரையாடியிருக்கிறார்கள். ஆனால், நகைச்சுவையிலும் தாம் உண்மையையன்றி வேறெதையும் சொல்வதில்லை என்று அவர்களே தெளிவுபடுத்தியதாகத் திர்மிதீ நூலில் காண்கிறோம்.

ஏறிச் செல்ல வாகனம் வேண்டுமென்று ஒருவர் வந்து கேட்டார். பெண் ஒட்டகத்தின் குட்டியொன்றைத் தருவதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஒரு பெண் ஒட்டகத்தின் குட்டிதானே என்று பெருமானார் வினவியபோதே அவருக்கு உண்மை விளங்கிற்று. அந்த வேடிக்கையில் பொய் இல்லை. அவர் கேட்டு வந்த உதவியும் கிடைத்தது.

இல்லறத்திலும் அவ்வாறே. ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் பெருமானார் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அன்னையார் முந்தினார்கள். காலம் சென்று, அன்னையாரின் உடல் சற்றுப் பருத்த பின்னர் மீண்டும் ஓடியபோது பெருமானார் முந்தினார்கள். அன்றைய தோல்விக்கு இது ஈடாயிற்று என்று கூறி மகிழ்ந்தார்கள். தோற்றவரும் வென்றவரும் சேர்ந்து மகிழ்ந்த விளையாட்டு அது. அன்னையாரே அதனைப் பிற்காலத்தவர்க்கு எடுத்துரைத்தார்கள் என்பதிலிருந்தே அது எத்துணை இனிய நினைவு என்பது புலனாகும்.

அச்சுறுத்துவது ஆகுமானதன்று

தோழர்கள் பெருமானாருடன் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் உறங்கிவிட, அவரிடமிருந்த கயிற்றை மற்றவர்கள் எடுத்தார்கள். விழித்தவர் திடுக்குற்றார். ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று பெருமானார் அப்போது அறிவுறுத்தியதாக அபூதாவூத் நூல் கூறுகிறது. ஒரு கயிற்றுக்காகக் கணநேரம் திடுக்கிடச் செய்ததற்கே இத்தகைய எச்சரிக்கை என்றால், கணவனின் உயிரை நினைத்து நள்ளிரவில் தெருவில் நின்று பதறியவளின் அச்சத்தை என்னென்பது?

அதில் வேறொரு தீங்கும் உண்டு. நாளை மெய்யாகவே ஆலையில் விபத்து நேர்ந்து தொலைபேசி ஒலித்தால், அவள் அதை நம்புவாளா, மீண்டும் விளையாட்டென்று எண்ணி இருந்துவிடுவாளா? நம்பிக்கைக்குரிய சொல் ஒருமுறை பொய்த்துவிட்டால், அதை மீட்பதற்கு நெடுங்காலம் பிடிக்கும்.

அழுதவருக்கு ஆறுதல்

பிறரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் திருமறையின் 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தடை செய்கிறது. பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்பதையும் அது உணர்த்துகிறது. விளையாட்டாகச் சொன்னாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்னும் கருத்தை வள்ளுவரும் பண்புடைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார்.

யூதர் குலத்தில் பிறந்த அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள், தம் பிறப்பைக் குறித்துச் சொல்லப்பட்ட ஒரு சொல்லால் மனம் நொந்து அழுதுகொண்டிருந்தார்கள். அதைக் கண்ட பெருமானார், இதற்கெல்லாமா அழுவது என்று கடிந்துகொள்ளவில்லை. நபியின் வழித்தோன்றல், நபியைச் சிறிய தந்தையாகக் கொண்டவர், நபியின் மனைவி என்னும் சிறப்புகளை எடுத்துக்கூறி ஆறுதல் அளித்தார்கள். சொன்னவரை அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளும்படி எச்சரித்தார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கும்போது முஹம்மதின் இறைவன் மீது ஆணையிடுவார்கள். வருத்தமாக இருக்கும்போது இப்ராஹீமின் இறைவன் மீது ஆணையிடுவார்கள். இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே அவர்களின் மனநிலையைத் தாம் அறிந்துகொள்வதாகப் பெருமானார் கூறியதைப் புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்கள் தெரிவிக்கின்றன. மனைவியின் ஒரு சொல்லையும் இவ்வளவு கூர்ந்து கவனித்தவர்களின் உம்மத்தினர், அவள் முகம் வாடியது தெரியவில்லை என்று சொல்லலாமா?

விளையாட்டாகவும் சொல்லக்கூடாத சொல்

கேலியிலேயே பழகிய நா ஒரு நாள் தலாக் என்னும் சொல்லையும் விளையாட்டாகத் தொடக்கூடும். நிக்காஹ், தலாக், தலாக் சொன்ன மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றிலும் விளையாட்டும் வினையாகவே கொள்ளப்படும் என்பது நபிமொழி. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டமும் இதையொட்டியதே. தலாக் பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 231ஆம் வசனமும் இறைவசனங்களைக் கேலிக்குரியவையாக்க வேண்டாமென எச்சரிக்கிறது.

நாட்டின் சட்டத்தையும் அறிந்துகொள்வது நலம். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, ஒரே நேரத்தில் சொல்லப்படும் முத்தலாக்கைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் ஒதுக்கியது. 2019ஆம் ஆண்டின் சட்டம், அதனை வாயால் சொன்னாலும், எழுதினாலும், மின்னணு வழியில் அனுப்பினாலும் செல்லாது என்று கூறுவதோடு, சொன்னவனுக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கிறது. சட்டத்தின் முன் அச்சொல் செல்லாமற்போகலாம். கேட்டவளின் உள்ளத்திலிருந்து அது எளிதில் அகலாது.

இவையெல்லாம் கணவர்க்கு மட்டும் உரியவை அல்ல. கணவனின் சம்பளத்தையும் அவனைப் பெற்றவளின் பேச்சையும் கேலி செய்யும் மனைவியரும் சிந்திக்கக் கடமைப்பட்டவர்களே. மனம் நொந்தவர் வாய்மூடிப் புழுங்காமல், கோபம் தணிந்த வேளையில், "இந்தச் சொல் என்னை வருத்துகிறது" என்று சொல்லிவிட வேண்டும். கேட்டவர் தம் எண்ணம் தூயதென்று வாதாடாமல், "தெரியாமல் செய்துவிட்டேன், பொறுத்துக்கொள்" என்று கூற வேண்டும், மீண்டும் அதைச் செய்யாதிருக்க வேண்டும்.

கணவனும் மனைவியும் ஒருவரிடத்தில் ஒருவர் அமைதி பெற வேண்டும் என்பதற்காகவே அல்லாஹ் அவர்களிடையே அன்பையும் இரக்கத்தையும் ஆக்கியிருப்பதாக அர்ரூம் அத்தியாயம் அறிவிக்கிறது. வேலை முடிந்து, முதல் ரயிலில் களைத்துத் திரும்பும் கணவனும், விழித்துக் காத்திருக்கும் மனைவியும் காலைத் தேநீரோடு சேர்ந்து சிரிக்கட்டும். இருவரும் சிரிப்பதற்குரியதாக அச்சிரிப்பு அமைய, வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.