மயிரிழையில் ஒரு கல்வி

முதலாம் உலகப் போரில், 1917ஆம் ஆண்டு களமிறங்கிய பிரித்தானிய ஈரடுக்குச் சிறகு விமானம் 'சொப்வித் கேமல்'. ஏறத்தாழ 8.5 மீற்றர் நீண்ட அதன் சிறகு, 72இல் ஒரு பங்கான மாதிரியில் 12 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். ஆயின், மாதிரியில் நேரும் 1 மில்லிமீற்றர் பிழை மெய்விமானத்தில் 7.2 சென்ரிமீற்றருக்கு ஒப்பாகும்.

சிறகுகளைப் பிணைக்கும் கம்பிகளே பெருஞ்சோதனை. உதிரிகள் கோத்திருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டொன்றை, பெற்றோர் அருகிருக்க, மெழுகுதிரிச் சுடரின்மேல் இளக்கி இழுத்தால் மயிரிழை போன்ற நூல் கிடைக்கும். சூடு மிகுந்தால் இழை அறும். பசை மிகுந்தால் சிறகு கறைபடும்.

பன்முறை தோற்றுப் பொருத்துகையில் ஓர் உண்மை விளங்கும்: சில கம்பிகள் பறக்கையில் மேலெழும் விசையையும், பிற தரையில் சிறகின் பாரத்தையும் தாங்குகின்றன. மாணவர்களே, ஒரு புள்ளி தவறினாற் பொருள் மாறும் தமிழைப் பயிலும் உங்களுக்கு இப்பொறுமை புதிதன்று.