வயலுக்கடியில் வைக்கிங் கப்பல்

நார்வேயின் தென்கிழக்கில், ஹால்டன் நகருக்குப் பக்கத்தில் யெல்லெஸ்டாட் என்றொரு பண்ணை. 2018இல் அங்குள்ள வயலில் ஒரு மோட்டார் வண்டி, ரேடார் கருவியுடன் ஏர் ஓட்டுவதுபோல் போவதும் வருவதுமாக இருந்தது. ஓட்டியவர்கள் நார்வேயின் பண்பாட்டு மரபு ஆராய்ச்சி நிறுவனமான நிக்கூவின் ஆய்வாளர்கள். பதிவுகளைக் கணினியில் அடுக்கிப் பார்த்தபோது, தரைக்கு அரை மீட்டர் ஆழத்தில் சுமார் 20 மீட்டர் நீளமுள்ள கப்பலின் வடிவம் தெரிந்தது. அதைச் சுற்றி வட்டமாக ஓர் அகழியின் தடம். வைக்கிங் காலத்துப் பெருந்தலை ஒருவரைக் கப்பலோடு அடக்கம் செய்து, மேலே மண்மேடு எழுப்பியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த மேட்டைச் சமப்படுத்தி விளைநிலமாக்கிவிட்டார்கள். அதன்பிறகு அங்கே உழுதவர்கள் யாருக்கும் கீழே கிடப்பது தெரியாது.

ஜி.பி.ஆர். எனப்படும் தரை ஊடுருவும் ரேடார் செய்யும் வேலை எளிமையானது. ஆன்டெனா ரேடியோ அலைகளை விட்டுவிட்டு மண்ணுக்குள் அனுப்பும். ஈரம் மாறும் இடம், மண் முடிந்து கல் தொடங்கும் இடம், உள்ளே வெற்றிடம் இருக்கும் இடம் எனத் தன்மை மாறும் எல்லைகளில் அலையின் ஒரு பகுதி திரும்பி வரும். அது போய்வர எடுத்த நேரத்தை நானோ நொடிக் கணக்கில் அளந்து ஆழத்தைச் சொல்லலாம். ஆனால் அதற்கு மண்ணில் அலையின் வேகம் தெரிந்தாக வேண்டும். காற்றில் ஒரு நானோ நொடிக்கு 30 செ.மீ. ஓடும் அலை, காய்ந்த மணலில் சுமார் 15 செ.மீ.தான் ஓடும். ஈரக் களிமண்ணில் அதில் பாதிகூட இல்லை.

அந்த வேகத்தை ரேடார் திரையே காட்டிக்கொடுக்கும். புதைந்த கல் ஒன்று அதில் கல்லாகத் தெரியாது, வில்போன்ற வளைவாகத் தெரியும். அலை விரிந்து பரவுவதால், ஆன்டெனா நேர் மேலே வருவதற்கு முன்பே கல்லின் எதிரொலி வந்துவிடும். சாய்வான வழி நீளம் அதிகம் என்பதால் அது ஆழத்தில் பதியும். நேர் மேலே வரும்போது வளைவின் உச்சி. வளைவு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிட்டுவிடுவார்கள்.

எல்லா மண்ணிலும் இது பலிக்காது. களிமண்ணும் உப்புநீரும் அலையை விழுங்கிவிடும். அதிர்வெண்ணைக் குறைத்தால் அலை ஆழமாகப் போகும், ஆனால் நுணுக்கம் போய்விடும்.

‘தோண்டாமலே கண்டுபிடித்தார்கள்’ என்று இதுபற்றி எழுதுவது வழக்கம். பாதிதான் உண்மை. ரேடார் இடத்தையும் வடிவத்தையும் சொல்லும்; புதைந்த பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாது. 2019இல் யெல்லெஸ்டாட்டில் சிறிய சோதனைக் குழி தோண்டிப் பார்த்தார்கள். கப்பலின் மரத்தைப் பூஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. ஈரமும் காற்றில்லாத சூழலும் நீடித்தால்தான் மரம் தாங்கும். காற்று புகுந்துவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அப்படியே விட்டுவைப்போம் என்று சொல்ல முடியாத நிலை. நார்வே அரசு 1.56 கோடி குரோனர் ஒதுக்க, 2020 ஜூனில் அகழாய்வு தொடங்கியது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓசபெர்க் என்ற வைக்கிங் கப்பலைத் தோண்டியெடுத்த பிறகு அந்நாட்டில் இந்த வகையில் நடந்த முதல் பெரிய அகழாய்வு இது. ஓசபெர்க் கப்பல் இன்றும் முழு உருவத்தில் நிற்கிறது. இங்கே கிடைத்ததோ பெரும்பாலும் துருப்பிடித்த இரும்பு ஆணிகளும், பலகைகள் மண்ணில் விட்டுப்போன தடங்களும்தான். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்த ஆணிகள் அடித்த இடத்திலேயே வரிசை கலையாமல் கிடந்தால், அவற்றைக் கொண்டே கப்பலின் உடலமைப்பை மீட்டு வரையலாம்.

தோண்டத் தேவையில்லாத இடங்களும் உண்டு. ரோமுக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில், கி.மு. 241இல் உருவான ஃபாலேரி நோவி நகரம் இன்று பெரும்பாலும் வயல். மதிலுக்குள் இருக்கும் 30.5 ஹெக்டேரையும் கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகங்களின் குழு ரேடாரால் அலசி, 2020இல் முடிவுகளை வெளியிட்டது. கோயில், சந்தை, குளியல் வளாகம் எல்லாம் வரைபடத்தில் வந்துவிட்டன. தெருவோரமாக மட்டும் ஓடும் என்று எதிர்பார்த்த தண்ணீர்க் குழாய்கள், கட்டடங்களுக்கு அடியிலும் ஓடியிருக்கின்றன. அப்படியானால் கட்டடம் எழும்பும் முன்பே குழாய் போட்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் மண்வெட்டி தேவைப்படவில்லை, பொறுமைதான் தேவைப்பட்டது. ஒரு ஹெக்டேரின் பதிவுகளை ஆள் உட்கார்ந்து அலசி வரைய ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கும் என்பதால், அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் வழிகளை அந்தக் குழுவினர் தேடிக்கொண்டிருந்தார்கள்.