‘பிக்கப் பத்தலீங்ணா!’ - இன்டேக் மேனிஃபோல்டில் கை வைக்கும் முன்பு இதைப் படிங்க!

சிங்காநல்லூரில் ஆரம்பித்து ஒண்டிப்புதூர் வரை, திருச்சி ரோட்டை ஒட்டிய சந்துகளில் எங்கே நுழைந்தாலும் லேத், வெல்டிங், மோட்டார் பம்ப், கார் பட்டறைகள்தான். ‘பிக்கப் பத்தலீங்ணா, ஏதாச்சும் பண்ணிக் குடுங்க’ என்று பழைய ஸ்விஃப்ட்டையோ எஸ்டீமையோ கொண்டுவந்து நிறுத்தும் இளைஞர்கள், கோவைப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. சைலன்ஸர், ஏர் ஃபில்டர் என்று தொடங்கும் இந்த ஆசை, அடுத்து வந்து நிற்பது இன்டேக் மேனிஃபோல்டில்.

பானெட்டைத் திறந்தால் இன்ஜின் பக்கவாட்டில் விரல்கள் மாதிரி நான்கு குழாய்கள் தெரியும் அல்லவா? அதுதான். வெளியிலிருந்து வரும் காற்றை நான்கு சிலிண்டருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதன் வேலை. சாதாரண வேலையாகத் தெரியலாம். ஆனால், 1.3 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்-ல் ஓடும்போது, சிலிண்டர்கள் முழுதாக நிரம்பினால் நிமிடத்துக்குச் சுமார் 3,900 லிட்டர் காற்றைக் குடிக்கும். மொட்டைமாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர் டேங்க் நான்கை ஒரே நிமிடத்தில் காலி செய்வதுபோல!

‘அப்படியென்றால் குழாயைப் பெரிதாக்கினால் பவர் கூடும்தானே?’ இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

தோட்டத்தில் மோட்டார் ஓடும்போது கேட் வால்வைச் சட்டென மூடிப்பாருங்கள். பைப் ‘டங்’கென்று அதிரும். வேகமாக வந்த தண்ணீர் முட்டி, அந்த அழுத்தம் அலையாகத் திரும்பி ஓடுவதால் வரும் அதிர்ச்சி அது. மேனிஃபோல்டு குழாயிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். இன்ஜின் வால்வு மூடியதும் ஓடிவந்த காற்று முட்டி, அழுத்த அலை பின்னால் போகும். குழாயின் மறுமுனையில் பட்டு மறுபடியும் வரும். அது வந்து சேரும் நேரத்தில் வால்வு சரியாகத் திறந்தால், சிலிண்டருக்குள் கூடுதலாகக் கொஞ்சம் காற்று திணிக்கப்படும். செலவில்லாமல் கிடைக்கும் போனஸ்.

குழாய் நீளமாக இருந்தால் அலை போய்வர நேரம் எடுக்கும். அதனால் போனஸ் குறைந்த ஆர்.பி.எம்-ல் கிடைக்கும். குட்டையாக, அகலமாக இருந்தால் அதிக ஆர்.பி.எம்-ல் கிடைக்கும். இரண்டும் ஒரே குழாயில் கிடைக்காது. சில கார் நிறுவனங்கள் ஓடும்போதே நீளத்தை மாற்றிக்கொள்ளும் மேனிஃபோல்டு வைப்பதே இதனால்தான்.

டிராக் ரேஸ் என்பது 402 மீட்டர் நேர்கோடு. பச்சை விளக்கு விழுந்ததிலிருந்து கோட்டைத் தாண்டும்வரை இன்ஜின் உச்சத்திலேயே கதறும். அங்கே குட்டைக் குழாயும், அதற்குப் பின்னால் பெரிய காற்று அறையும் ராஜா. அதையே மாட்டிக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்குச் சிங்காநல்லூர் சிக்னலில் நின்றுபாருங்கள். முதல் கியரில் வண்டி திணறும், பெட்ரோலும் கூடுதலாகப் போகும். நம் ஊர் ரோட்டில் நாம் பெரும்பாலும் 1,500 முதல் 4,000 ஆர்.பி.எம்-க்குள்தான் ஓட்டுகிறோம். ரோட்டு வண்டிக்கு, கம்பெனி கொடுத்த நீளமான குழாய்தான் நல்லது என்பேன்.

அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா? உண்டு. மேனிஃபோல்டு வாயும் சிலிண்டர் ஹெட்டின் வாயும் பல இன்ஜின்களில் கச்சிதமாகப் பொருந்தியிருக்காது. நடுவில் நிற்கும் அந்தச் சின்னப் படியில் காற்று முட்டும். கேஸ்கெட்டை அச்சாக வைத்துக் கோடு போட்டு, டை கிரைண்டரால் இரண்டையும் சமப்படுத்துவதுதான் ‘போர்ட் மேட்சிங்’. வார்ப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை எடுத்தாலும் பலன் உண்டு. அலுமினியச் சுவர் தடிமன் சில மில்லிமீட்டர்தான். ஆர்வக்கோளாறில் தேய்த்தால் ஓட்டை விழும். கார்பரேட்டர் வண்டியில் உட்புறத்தைக் கண்ணாடிபோலப் பளபளப்பாக்கவும் கூடாது. லேசான சொரசொரப்பு இருந்தால்தான் பெட்ரோல் துளிகள் சுவரில் வழியாமல் காற்றோடு கலக்கும்.

மறுபடி மாட்டும்போது புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முடுக்க வேண்டும். ஐடிலிங் ஏறி இறங்கினால், எங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்பது எடைக்கணக்கு. கம்பெனி இ.சி.யூ-வுக்குள் இருக்கும் கணக்கெல்லாம் பழைய மேனிஃபோல்டுக்காக எழுதப்பட்டவை. காற்றைக் கூட்டிவிட்டு அதை மாற்றாமல் விட்டால், பெட்ரோல் பற்றாமல் எரிந்து, ‘நாக்கிங்’ வந்து, பிஸ்டனே உருகலாம். மேனிஃபோல்டு செலவோடு டைனோவில் ஏற்றி டியூன் செய்யும் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதா என்ன? சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே, கோவையின் கரிவரதன் சிபானி டால்ஃபின் கார்களை மாற்றியமைத்து ஓட்டியவர். 1988-ல், ரோட்டில் ஓடும் மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினையே வைத்து ‘ஃபார்முலா மாருதி’ ரேஸ் காரை உருவாக்கினார். விலை உயர்ந்த வெளிநாட்டு கார் இல்லாமலே நம் பிள்ளைகள் ஃபார்முலா கார் ஓட்ட வழிபிறந்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. சிங்காநல்லூரிலிருந்து அதிக தூரமில்லை.

வண்டியை டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோவதும், அதே வண்டியை ராத்திரி பைபாஸில் விரட்டுவதும் ஒன்றல்ல. கம்பெனி வடிவமைப்பிலிருந்தும் ஆர்.சி புத்தக விவரங்களிலிருந்தும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விபத்து நடந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகலாம். வண்டி பெரும்பாலும் அப்பா பெயரில்தான் இருக்கும். சட்டம் தேடுவது வண்டியின் உரிமையாளரை!

டிராக்குக்காகவே தனி மேனிஃபோல்டு செய்பவர்கள், கழற்றிய ஒரிஜினலைப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். வாயைத் துணியால் அடைத்து பத்திரமாக வையுங்கள். திங்கள்கிழமை ஆபீஸ் போக அதுதான் வேண்டும்.