புளித்த மாவும் புதிய எரிபொருளும்

மார்கழி பிறந்துவிட்டால் தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் பொதுவான கவலை ஒன்று உண்டு. இட்லி மாவு பொங்காது. மாலையில் அரைத்து வைத்த மாவு மறுநாள் காலையிலும் வைத்தது வைத்தபடியே கிடக்கும். நமது இல்லத்தில் மாவுப் பாத்திரத்திற்குப் பழைய கம்பளி ஒன்றைச் சுற்றி, அடுப்பருகே ஒதுக்கி வைப்பது வழக்கம்.

மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். லூக்கோனாஸ்டாக் எனப்படும் ஒரு வகையே அவற்றுள் முதன்மையானது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அது மாவிலுள்ள சர்க்கரைச் சத்தை உண்டு, புளிப்பையும் வாயுவையும் வெளிவிடுகிறது. அந்த வாயுவினால்தான் இட்லி மென்மையாகிறது. குளிர் மிகுந்தால் அதன் வேலை மந்தப்படுகிறது.

இத்தகைய நுண்ணுயிர்களைக் கொண்டு இன்று மருந்தும், வாகன எரிபொருளும், பலவகை ரசாயனங்களும் செய்கின்றனர். நாம் ரயில்வேயில் சரக்குப் பிரிவுக் குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆதலின் விஞ்ஞானத்தின் ஆழத்தில் இறங்க நாம் துணியவில்லை. டன்னும் லிட்டரும் கட்டணமும் எழுதிப் பழகிய கண்ணோடு இத்துறையைப் பார்த்தபோது நமக்குப் புலப்பட்டதை மட்டும் வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

நுண்ணுயிர்களின் இயல்பான தொழிலை மனிதன் நெடுங்காலமாகவே பயன்படுத்தி வந்திருக்கிறான். தயிர், ரொட்டி, சாராயம் யாவும் அவ்வாறு வந்தவையே. புதுமை யாதெனில், அவை அறியாத தொழிலை அவற்றிற்குக் கற்பிப்பதாகும். ஒவ்வோர் உயிரணுவிலும், அது என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்புகள் அடங்கிய விதிப் புத்தகம் போன்ற பொருள் ஒன்று உண்டு. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். வேறோர் உயிரின் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து நுண்ணுயிரின் புத்தகத்தில் சேர்த்துவிட்டால், அது அந்தப் பக்கத்தில் கண்ட வேலையையும் சேர்த்துச் செய்யத் தொடங்குகிறது.

இதன் பெருமையை நாம் நமது வீட்டிலேயே உணர்ந்தோம். நமது மாமியாருக்கு நீரிழிவு முற்றி, இன்சுலின் போட வேண்டும் என்று டாக்டர் கூறிவிட்டார். புலால் தொடாத குடும்பம். "அது மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுப்பதாமே! எனக்கு வேண்டாம்" என்று அம்மையார் பிடிவாதமாக மறுத்தார். முன்னாளில் அது உண்மைதான். அவ்விலங்குகளின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுத்து வந்தனர். 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனன்டெக் கம்பெனியார், மனித இன்சுலினுக்குரிய குறிப்பை ஈ-கோலி என்ற நுண்ணுயிரில் புகுத்தி வெற்றி கண்டனர். 1982-இல் அம்மருந்து விற்பனைக்கு அனுமதி பெற்றது. 2004-இல் பெங்களூரின் பயோகான் கம்பெனி ஒருவகை ஈஸ்டைக் கொண்டு செய்த மனித இன்சுலினை நம் நாட்டுச் சந்தைக்குக் கொணர்ந்தது.

மருந்துப் புட்டியோடு வந்த தாளைப் படித்து, இவற்றையெல்லாம் நிதானமாக விளக்கினோம். அம்மையார் சிறிது யோசித்து, "ஏன் மாப்பிள்ளை, நம் மாவு புளிக்கிற மாதிரிதானா?" என்றார். "ஏறக்குறைய அப்படித்தான், அத்தை" என்றோம். அன்றிரவே ஊசி போட்டுக்கொண்டார்.

இனி எரிபொருளுக்கு வருவோம். கரும்பு ஆலைக் கழிவுப்பாகை ஈஸ்டினால் புளிக்க வைத்து எத்தனால் காய்ச்சுவது பழைய முறை. தானியங்களிலிருந்தும் எடுக்கின்றனர். 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. ஆனால் உண்ணும் தானியத்தை வண்டிக்கு ஊட்டுவது முறையா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. அறுவடைக்குப் பின் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் எரிக்கப்படும் நெல் வைக்கோலின் புகையினால், ஐப்பசி கார்த்திகையில் நம் குழந்தைகள் இருமுவதை யாவரும் அறிவோம். அந்த வைக்கோலிலிருந்தே எத்தனால் எடுத்தால் இரு தொல்லைகளும் ஒருசேரக் குறையுமன்றோ?

இங்கேதான் தடை. வைக்கோலில் சைலோஸ் என்ற சர்க்கரையும் கணிசமாக உண்டு. சாதாரண ஈஸ்ட் அதைப் புளிக்க வைக்காது. ஆகவே விஞ்ஞானிகள் அத்திறனைப் புகுத்தலாயினர். புளோரிடா பல்கலைக்கழகத்தின் லோனி இங்கிராம் குழுவினர், ஈ-கோலியில் வேறொரு நுண்ணுயிரின் குறிப்புகளைச் சேர்த்து, அதனை எத்தனால் செய்ய வைத்தனர். அது சைலோசையும் உண்ணும். அமெரிக்க அரசாங்கத்தின் 50,00,000-ஆவது காப்புரிமை 1991-இல் இதற்கே வழங்கப்பட்டது.

நம் பக்கத்திலுள்ள பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் வைக்கோல் எத்தனால் ஆலை ஒன்றை அமைத்தது. 2022 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிரதமர் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம்.

3 கோடி என்றதும் நாமும் வியந்தோம். பிறகு சரக்குக் குமாஸ்தா புத்தி விழித்தது. ஓர் எண்ணெய் வாகன் ஏறக்குறைய 70,000 லிட்டர் கொள்ளும். 50 வாகன் கோத்த ஒரு வண்டி 35 லட்சம் லிட்டர். ஆகவே அந்த ஆலையின் ஓராண்டு முழு உற்பத்தியும் ஒன்பது வண்டிகளுக்குள் அடங்கிவிடும்! மறுபுறம், மாமியாரின் 400 யூனிட் இன்சுலின் புட்டியில் உள்ள மருந்துச் சத்து 14 மில்லிகிராம் அளவே. ஒரு கிராமிலிருந்து எழுபது புட்டி நிரப்பலாம். மருந்தில் துளி போதும், விலையும் உண்டு. எரிபொருளிலோ வெள்ளமாக வேண்டும், விலையோ பூமியிலிருந்து இறைக்கும் எண்ணெயோடு போட்டியிட வேண்டும். நுண்ணுயிர் ஒரு பொருளைச் செய்யுமா என்பது பாதிக் கேள்விதான். கட்டுபடியாகுமா என்பதே மறுபாதி.

நடந்த கதை ஒன்று இதற்குச் சான்று. மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் என்ற மருந்து ஒரு சீனத்துச் செடியிலிருந்து கிடைக்கிறது. அதைக் கண்ட தூ யூயூ அம்மையாருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. கலிபோர்னியாவின் ஜே கீஸ்லிங் குழுவினர் அம்மருந்தின் மூலப்பொருளை ஈஸ்டே சுரக்கும்படி செய்து, 2006-இல் உலகுக்கு அறிவித்தனர். 2013-இல் சனோபி கம்பெனி இத்தாலியில் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கியது. இலாபம் வேண்டாம் என்று விற்றும், கிலோ 350 டாலருக்குக் குறைக்க இயலவில்லை. செடி மருந்தோ 250 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆலை 2016-இல் கைமாறிற்று. விஞ்ஞானம் வென்றது, வியாபாரம் தோற்றது. அச்செடியைப் பயிரிட்ட உழவர்க்கோ பிழைப்பு தப்பியது!

அதே குழுவினர் நிறுவிய அமைரிஸ் கம்பெனி, கரும்புச் சர்க்கரையை ஈஸ்டுக்கு ஊட்டிப் பார்னசீன் என்ற எண்ணெயை எடுத்தது. அதிலிருந்து செய்த டீசலில் பிரேசிலின் சாவ் பாலோ நகரப் பேருந்துகளும் ஓடின. ஆயினும் பூமி எண்ணெயின் விலையோடு போட்டியிட முடியாமல், அப்பார்னசீனிலிருந்தே முகப்பூச்சுக்குரிய விலையுயர்ந்த எண்ணெய் செய்வதில் கம்பெனி முனைந்தது. 2023 ஆகஸ்டில் திவால் மனுவும் கொடுத்தது.

இதனால் இத்துறை வீண் என்று எவரும் கருதிவிட வேண்டா. இன்சுலினும் ஒரு காலத்தில் கனவாகவே இருந்தது. மலிவாக வைக்கோலைச் சிதைக்கவும், தான் செய்த எத்தனாலே தன்னைக் கொல்லாமல் நுண்ணுயிர் தாங்கி நிற்கவும் வழி காண்பவர்கள் இன்னும் தேவைப்படுகிறார்கள். உயிரியல் படிக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் கணக்கையும் கைவிடாது கற்பார்களாக. ஒரு கண்ணாடிக் குடுவையில் கண்ட வெற்றியைப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம், "லிட்டர் எத்தனை? விலை என்ன? மூலப்பொருளை விளைத்தவனுக்கு என்ன கிடைக்கும்?" என்ற மூன்று கேள்விகளை நாமும் கேட்கப் பழகுவோம்.

இதை எழுதி முடிக்கும் வேளையில் சமையலறையிலிருந்து குரல் வருகிறது. கம்பளி சுற்றியும் மாவு பொங்கவில்லையாம். இன்று காலை உப்புமாதான்.