டோக்கன் ஓசி, படி ஏற முடியலே! பஸ் ஸ்டாப்பில் முதியவர்கள் தவிப்பு
சென்னையில் 60 வயது ஆனவர்களுக்கு மாநகர பஸ்சில் மாதம் 10 இலவச டோக்கன். 2016 பிப்ரவரியில் வந்த சலுகை இது. ஆனால் முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு டோக்கன் மட்டும் போதுமா? முதல் படியில் கால் வைக்கணுமே!

ஒரு கையில் பை. மறு கையில் தடி. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? "சீக்கிரம் ஏறும்மா" என்பார் கண்டக்டர். விசில் ஊதும். பஸ் போய்விடும். (அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பின்னால் வரும் வண்டிகள் ஆரன் அடிக்கின்றன.)

தாழ்தள பஸ்

2024 ஆகஸ்டில் புதிய தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. தரையில் இருந்து 40 சென்டிமீட்டர் உயரம்தான். ஸ்டாப்பில் பஸ் பக்கவாட்டில் இன்னும் சாய்ந்து கொடுக்கும். சக்கர நாற்காலிக்கு சாய்வுப் பலகையும் உண்டு. ஆனால் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால்தான் பலன். நடுரோட்டில் நின்றால் பழைய கதைதான்.

கிராமத்தில்...

2011 கணக்கெடுப்புப்படி, எல்லா வயதிலும் சேர்த்து நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். இதில் 100-க்கு 69 பேர் கிராமத்து ஜனங்கள். அங்கே தாத்தாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட ஊர்க்காரர்கள் உண்டு. ஆனால் பல ஊர்களில் காலை பஸ்சை விட்டால் அடுத்தது சாயந்திரம்தான். அதற்குள் டவுன் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.